கீறல் விழாத பிள்ளையார்

1926 ஜூலை 30, ஆடி வெள்ளி. பிற்பகல் 2.40.

நமுனுகுல மலைச்சரிவில், ஆனைக்கல் தோட்டத்து மாரியம்மன் கோயிலைச் சப்பரம் இரண்டாம் தடவை சுற்றிக்கொண்டிருந்தபோது கீழே பாதையில் பெரிய சத்தம் ஒன்று கேட்டது. மேளம் நின்றது. சப்பரத்தைத் தோளில் சுமந்தவர்கள் அம்மனை இறக்கவும் முடியாமல், ஓடிப்போய்ப் பார்க்கவும் முடியாமல் தவித்தார்கள். மற்ற எல்லோரும் படிக்கட்டை நோக்கி ஓடினார்கள்.

பாதையோரம் நிறுத்தியிருந்த லொறி நாற்பது கஜம் பின்னோக்கி உருண்டு, தனக்குக் கீழே நின்ற மோட்டார் காரை இடித்திருந்தது. லொறிக்கும் மதகுச் சுவருக்கும் நடுவே கார் நசுங்கிக் கிடந்தது. முன் கண்ணாடி பொடிப்பொடி. முன் விளக்கு இரண்டும் பாதையில் உருண்டன. ஸ்டீயரிங்கைத் தாங்கும் முன்பலகை நடுவில் இரண்டாகப் பிளந்திருந்தது. லொறிக்கு வால்பலகை ஆணி இரண்டு கழன்றதோடு சரி.

காருக்குச் சொந்தக்காரர் கதிர்காமநாதன். பதுளைக் கடைவீதியில் புடவைக் கடை வைத்திருந்தார். லொறிக்குச் சொந்தக்காரர் ஜெயராசா. அதே வீதியில் எதிர்ப்பக்கம் அரிசிக் கடை. இருவரும் சகலைகள். அக்கா விசாலாட்சியை ஜெயராசாவும் தங்கை வடிவம்மாவைக் கதிர்காமநாதனும் கட்டியிருந்தார்கள். வைகாசியில் கதிர்காமநாதன் வீட்டுக்குக் கரும்பச்சை நிறத்தில் கார் வந்து இறங்கியதிலிருந்து ஜெயராசாவுக்குச் சோறு செரிக்கவில்லை. "பாப்போம், எத்தனை நாளைக்கு ஓடுதுன்னு" என்று அவர் சொன்னதைக் கடைவீதியில் பத்துப் பேராவது கேட்டிருப்பார்கள். விசாலாட்சி அப்படி வாய்விட்டுச் சொல்லமாட்டாள். தங்கை காரில் போகும்போது கடைவாசலில் நின்று பார்ப்பாள். அவ்வளவுதான். அந்தப் பார்வையே போதும் என்று ஊர் பேசிக்கொண்டது.

பசறையிலிருந்து பொலிஸ் சார்ஜன் ஹுமைத் நாலரை மணிக்கு வந்தார். லொறி டிரைவர் மாரிசாமியைக் கூப்பிட்டார். இதே தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவன். பத்து வருஷம் மாட்டு வண்டி ஓட்டி, போன வருஷம்தான் லொறிக்கு லைசென்ஸ் எடுத்திருந்தான். அந்த லயத்தில் லைசென்ஸ் எடுத்த முதல் ஆள் அவன்தான்.

"பிரேக் போட்டியா?"

"கட்டை வச்சேங்க."

"பிரேக் போட்டியான்னு கேட்டேன்."

"கட்டை வச்சேங்க ஐயா. நான் எப்பவும் கட்டைதாங்க வைக்கிறது."

மேட்டில் வண்டி நின்றால் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு மரக்கட்டையைச் செருகிவைப்பது மாட்டு வண்டிக்காரர் வழக்கம். கட்டையின் கயிறு வண்டியோடு கட்டியிருக்கும். புறப்படும்போது குனியாமல் கயிற்றை இழுத்தால் கட்டை வந்துவிடும். லொறிக்கு மாறிய பிறகும் மாரிசாமி அந்தக் கட்டையை விடவில்லை. அவனுக்குப் பிரேக்கில் நம்பிக்கை கிடையாது. பிரேக் உள்ளே எங்கேயோ இருக்கிறது, கட்டை கண்ணுக்குத் தெரிகிறது என்பது அவன் நியாயம்.

கட்டை கயிற்றோடு இழுபட்டு லொறிக்கு முன்னால் கிடந்தது. தானாக நழுவிவிட்டது என்று சார்ஜன் எழுதிக்கொண்டார். லைசென்ஸ் புத்தகத்தை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்தார். அடுத்த புதன்கிழமை பதுளைக் கோர்ட்டில் வழக்கு என்றார். லைசென்ஸ் போனால் மாரிசாமி மறுபடி காலைப் பெரட்டுக்குப் போய்க் கூலி வேலைக்குக் கங்காணி முன்னால் வரிசையில் நிற்கவேண்டியதுதான். அவன் மனைவி பாக்கியலெட்சுமி கூட்டத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை. காலை 10.50.

பண்டாரவளை ரயிலில் ஷுக்ரி பதுளையில் வந்து இறங்கினார். கொழும்பு இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றுக்கு ஊவா மாகாணம் முழுவதற்கும் ஏஜண்ட் அவர். கோர்ட்டில் இருபது வருஷம் கிளார்க்காக இருந்து சாட்சிகள் புளுகுவதைக் கேட்டுக் கேட்டுக் காது பழகிப்போனவர். இதுவரை பதினொரு காருக்கு இன்சூரன்ஸ் பிடித்துக் கொடுத்திருந்தார். அவருக்கென்று இருந்தது ஒரு சைக்கிள். பதினொரு சொந்தக்காரர்களில் ஒருவராவது அவரை ஸ்டேஷனிலிருந்து ஏற்றிக்கொண்டு போனது கிடையாது. அதை அவர் மறந்ததும் கிடையாது.

அவர் செய்யவேண்டிய வேலை சின்னது. பிழை லொறியின் பக்கம் என்றால் கம்பெனி கதிர்காமநாதனுக்குக் கொடுத்துவிட்டு ஜெயராசாவிடம் வாங்கிக்கொள்ளும். பிழை கார்க்காரர் பக்கம் என்றால் ஒன்றும் இல்லை. பாரம் என்கிற நஷ்டஈட்டுப் படிவத்தின் கடைசியில் பிழை யாருடையது என்று ஒரே ஒரு வரி எழுதவேண்டும். அந்த வரியைத்தான் கோர்ட்டும் பார்க்கும்.

கதிர்காமநாதன் கடையில் இல்லை. வீட்டுக்குப் பின்னால், கார்க் கொட்டகையில் இருந்தார். எருதுகள் கட்டி இழுத்துவந்த காரின் மேல் புது வேட்டி ஒன்றைப் போர்த்தியிருந்தார். ஷுக்ரியைப் பார்த்ததும் வேட்டியை விலக்கி, நெளிந்த மட்கார்டைத் தடவினார்.

"என் தங்கம் போச்சு நானா" என்றார். ஷுக்ரியை ஊரில் எல்லோரும் அண்ணன் என்ற பொருளில் நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

காருக்குத் தங்கம் என்று பேர். பாரத்தில் வண்டியின் விவரம் என்ற இடத்தில்கூட 'தங்கம், ரேவதி நட்சத்திரம்' என்று எழுதியிருந்தார். கார் வீட்டுக்கு வந்த நாளின் நட்சத்திரம் அது. ஷுக்ரி அதை அடித்துவிட்டு நம்பரை எழுதினார். சேதமான பொருட்களின் பட்டியல் இரண்டு பக்கத்துக்குப் போயிருந்தது. ஹாரன், மெத்தை, பித்தளைப் பூச்சாடி, குடை, கேன்வஸ் கூரை என்று கண்ணாடிச் சில்லைத் தவிர எல்லாம் அதில் இருந்தது.

"ஒண்ணே ஒண்ணுதான் தப்பிச்சுது" என்று கதிர்காமநாதன் அவரைச் சாமி அறை வாசலுக்குக் கூட்டிப்போனார். உள்ளங்கை அளவில் கண்ணாடிச் சட்டம் போட்ட பிள்ளையார் படம். ஸ்டீயரிங்குக்கு எதிரே முன்பலகையில் இருந்தது என்றார். அவரே தம் கையால் இரண்டு கொக்கியில் கம்பி முறுக்கிக் கட்டியது. அன்று காலையில் சட்டத்தில் ஒரு செம்பருத்தியும் செருகியிருந்தார். பூ வாடிக் கருத்து இப்போதும் அதே இடத்தில் இருந்தது.

"பலகையே ரெண்டாப் பொளந்துடுச்சு. பிள்ளையாருக்கு ஒரு கீறல் இல்ல. கண்ணாடிக் குவியலுக்குள்ள கெடந்தாரு, வடிவுதான் பொறுக்கி எடுத்தா. கடைவீதியே வந்து கும்பிட்டுட்டுப் போச்சு நானா."

ஷுக்ரி படத்தை வாசலில் நின்றபடியே பார்த்தார். பிறகு கொட்டகைக்குத் திரும்பிப் போய்ப் பிளந்த பலகையைப் பார்த்தார். கொக்கிகள் நிமிர்ந்தே இருந்தன. கம்பி ஒரு கொக்கியில் தொங்கியது. அதன் முனை அறுந்திருக்கவில்லை. முறுக்கு அவிழ்ந்திருந்தது. அவர் நோட்டில் எதையோ குறித்துக்கொண்டு, மோதியபோது முதலாளி எங்கே இருந்தார் என்று கேட்டார்.

கதிர்காமநாதன் சப்பரத்தின் கீழே இருந்தார். இரண்டு மணிக்கு அர்ச்சனை. அது முடிந்து இரண்டே காலுக்குச் சப்பரம் தூக்கினார்கள். முன்தண்டில் வலப்பக்கம் அவர், இடப்பக்கம் ஜெயராசா. யார் தோள் உயரமாக இருக்கிறது என்பதில் இருவருக்கும் போட்டி. ஒருவர்மேல் ஒருவர் வைத்த கண்ணை எடுக்கவில்லை.

வடிவம்மா கதவருகே தேநீரை வைத்துவிட்டு நின்றாள். முப்பது வயது இருக்கும். கதவுச் சட்டத்துக்கு வெளியே பார்வையை வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்த லொறிக்கார மாரிசாமிக்கு என்ன ஆகும்?"

"லைசென்ஸ் போகும்."

அவள் உள்ளே போய்விட்டாள்.

பகல் 12.15. அரிசிக் கடை.

ஜெயராசா எதையும் மறைக்கவில்லை. மறைக்கத் தெரியாத மனிதர். அந்தக் கார் ஹாரன் சத்தம் கேட்டாலே வயிறு எரியும் என்று தாமே சொன்னார். ஆனால் தாம் சப்பரத்தை விட்டு ஓர் அடி நகரவில்லை என்பதற்கு அந்தக் கதிர்காமநாதனே சாட்சி என்றார். சகலையை ஒரு காரியத்துக்குச் சாட்சியாகக் கூப்பிட நேர்ந்ததில் அவருக்கு ஏகப்பட்ட வருத்தம்.

விசாலாட்சி மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து வந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை.

"என்னப் பத்தித்தான ஊரே பேசுது? கேளுங்க நானா" என்றாள்.

இரண்டே கால் மணிக்கு அவள் லொறியிடம் நின்றதைக் கொழுந்து எடுக்கும் பெண்கள் பார்த்திருந்தார்கள்.

"பூக்கூடை எடுக்கப் போனேன்."

"அப்ப கட்டை சக்கரத்துல இருந்துச்சா?"

"இருந்துச்சு. சேலை அதுல மாட்டிக் கிழிஞ்சுது. இந்தா பாருங்க." கரையோரத்தில் ஒரு சாண் கிழிசல்.

"தங்கச்சி கார் மேல உங்களுக்குப் பொறாமை இல்லியா?"

"இருக்கு" என்றாள் அவள். "அவ வீட்ல கார் இருக்கு, எங்க வீட்ல அரிசித் தூசி இருக்கு. பொறாம வராம வேற என்ன வரும்? அதுக்காக என் கண்ணு பட்டுத்தான் லொறி உருண்டுச்சுன்னா, நான் யாரயும் பாக்காம மூஞ்சிய மூடிக்கிட்டுத்தான் நடக்கணும்."

ஷுக்ரி சிரிப்பை அடக்கிக்கொண்டார். எழுந்து, சாயங்காலம் வரை லொறி வேண்டும் என்று ஜெயராசாவிடம் கேட்டார். மாரிசாமி ஓட்டக்கூடாது என்பதால், கதிர்காமநாதனின் கார் டிரைவர் மர்ஸூக்கைக் கூப்பிட்டுக்கொண்டார்.

பிற்பகல் 3.20. ஆனைக்கல் தோட்டம்.

வழி நெடுக மர்ஸூக் பேசிக்கொண்டே ஓட்டினான். காரும் இல்லை, வேலையும் இல்லை என்ற கவலை அவனுக்கு. மத்தியானம் காரின் பின்சீட்டில் படுத்து ஒரு தூக்கம் போடுவது அவன் வழக்கமாம். அன்றைக்கும் படுத்திருந்தால் இன்று கபுருஸ்தானில்தான் படுத்திருக்க வேண்டும் என்றான்.

"ஏன் படுக்கல?"

"வடிவம்மா அம்மா வந்து தூக்குச்சட்டியில சாப்பாடு குடுத்தாங்க நானா. ஓடையோரம் நெழல்ல போய்ச் சாப்பிடுன்னாங்க. எப்பவும் மொதலாளி சாப்பிட்டப்புறந்தான் எனக்கு வரும். அன்னிக்குச் சப்பரம் தூக்குறதுக்கு முன்னாலயே வந்துடுச்சு."

"சத்தம் கேட்டதும்?"

"நான்தான் மொதல்ல ஓடிவந்தேன். என்னத் தவிர கார்கிட்ட ஒருத்தரும் இல்ல. அப்புறம் கோயில் படியில எல்லாரும் வந்தாங்க. அம்மா சாமி படத்த நெஞ்சோட அணைச்சிக்கிட்டு அழுதுகிட்டே எறங்கி வந்தாங்க. மொதலாளி கடைசியா வந்தாரு. அவரு தோள்ல அம்மன் இருந்துச்சுல்ல."

ஷுக்ரி வெளியே தேயிலைச் செடிகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். 

லொறி அன்று நின்ற அதே இடத்தில் நிறுத்தப்பட்டது. மாரிசாமி லயத்திலிருந்து வந்தான். மூன்று நாளாகச் சவரம் செய்யாத முகம். கட்டையை எடுத்துப் பின் இடச்சக்கரத்துக்குப் பின்னால் வைத்தான். கட்டை வழவழவென்று இருந்தது. வாரம் ஒருமுறை சோப்புத் தேய்ப்பானாம், கயிற்றை இழுத்தால் சுலபமாக வருவதற்கு.

"சோப்புப் போட்டா நழுவாதா?"

"லொறி பாரம் மேல ஏறி அமுக்கும்ங்க. தானா வராது. பக்கவாட்டுல இழுத்தாத்தான் வரும்."

ஷுக்ரி நான்கு ஆட்களை விட்டு லொறியை உலுக்கச் சொன்னார். குலுக்கினார்கள், தள்ளினார்கள், வால்பலகையில் தொங்கினார்கள். கட்டை இன்னும் இறுகிக்கொண்டது. மர்ஸூக் பிரேக்கில் காலைத் தயாராக வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தான். ஷுக்ரி பாதையோரக் கரைப்பக்கம் போய், புதரை ஒட்டி நின்று கயிற்றை ஒரு கையால் சுண்டினார். கட்டை வந்தது. லொறி நகர்ந்தது. மர்ஸூக் பிரேக்கை அமுக்கினான்.

அவர் நின்ற இடத்திலிருந்து ஒற்றையடிப் பாதை ஒன்று கோயிலின் பின்புறத்துக்கு ஏறிப்போயிற்று. அதில் ஏறிப் பார்த்தார். நூறு அடிகூட இல்லை. முன்வாசலில் நிற்கிற எவர் கண்ணிலும் படாமல் போய்விடலாம். மேலே பூசாரி அடுத்த வெள்ளிக்கிழமைக்குப் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார். இந்த வருஷம் காருக்கெல்லாம் அர்ச்சனை செய்யவேண்டி வந்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஷுக்ரி சிரிக்கவில்லை.

கீழே மாரிசாமி கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"பொய் சொல்லலீங்க நான்" என்றான்.

"தெரியும்" என்றார் ஷுக்ரி. "நாளைக்கு அஞ்சு மணிக்குக் கதிர்காமநாதன் மொதலாளி வீட்டுக்கு வா."

ஆகஸ்ட் 3, செவ்வாய்க்கிழமை. மாலை 5.00.

கதிர்காமநாதனும் வடிவம்மாவும் ஒரு பக்கம். ஜெயராசாவும் விசாலாட்சியும் எதிர்ப்பக்கம். மர்ஸூக் கதவோரம். மாரிசாமி வாசற்படிக்குக் கீழே. சார்ஜன் ஹுமைத்தை வேண்டுமென்றே கூப்பிடவில்லை. ஷுக்ரி பாரத்தை மேசையில் விரித்தார். கடைசி வரி காலியாக இருந்தது.

"கட்டை தானா நழுவல" என்று தொடங்கினார். "யாரோ இழுத்தாங்க. யாருன்னு பாக்குறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிடுறேன். இந்தக் கார் மேல பொறாமைப்பட்டவங்கள எண்ணினா நானும் அதுல ஒரு ஆளு. ஸ்டேஷன்லருந்து நடந்து வர்றப்பல்லாம் இது என்னத் தாண்டிப் போகும். தூசி என் வாய்க்குள்ள போகும். அதனால பொறாமக்காரங்கள நான் கொஞ்சம் நல்லாவே தெரிஞ்சவன்."

கதிர்காமநாதன் நாற்காலியில் நெளிந்தார்.

இழுத்தது ஜெயராசா இல்லை என்றார் ஷுக்ரி முதலில். இரண்டே காலிலிருந்து அவர் தோள் சப்பரத்தின் கீழே இருந்தது. அதற்குச் சாட்சி சொன்னவர் அவரை மாட்டிவிட ஆசைப்படுகிறவர். அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. விசாலாட்சியும் இல்லை. இரண்டே காலுக்குக் கட்டை சக்கரத்தில் இருந்தது என்று சொன்ன ஒரே ஆள் அவள்தான். கயிற்றை இழுத்தவளாக இருந்தால் கட்டையே இல்லை என்று சொல்லியிருப்பாள். பழி முழுக்க மாரிசாமி தலையில் போய் விழுந்திருக்கும். பொறாமையை ஒளிக்காமல் சொன்னவள் கட்டையையும் ஒளிக்கவில்லை.

விசாலாட்சி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். நான்கு நாளில் அவள் முகம் நிமிர்ந்தது அப்போதுதான்.

"பிள்ளையாருக்குக் கீறல் இல்லன்னு எல்லாரும் கும்பிட்டீங்க" என்றார் ஷுக்ரி. "நானும் கும்பிடுற எடத்துல நின்னுதான் பாத்தேன். முன் கண்ணாடி பொடியாச்சு. பலகை பொளந்துச்சு. பலகையில இருந்த படத்துக் கண்ணாடிக்கு ஒண்ணும் ஆகல. சட்டத்துல செருகுன செம்பருத்திகூட விழல. மோதுன வேகத்துல தெறிச்சிருந்தா கம்பி அறுந்திருக்கணும், இல்ல கொக்கி வளைஞ்சிருக்கணும். கம்பி முறுக்கு அவுந்திருக்கு. லொறிக்கு முறுக்கு அவுக்கத் தெரியாது. கைக்குத்தான் தெரியும். மோதுறப்ப படம் கார்ல இல்ல."

ஷுக்ரி நோட்டை விரித்துக்கொண்டார்.

"காரை ஒடைக்கணும், ஆனா சாமிய ஒடைக்கக் கூடாதுன்னு ஒருத்தர் நெனச்சிருக்காங்க. அதான் அவுங்க செஞ்ச ஒரே பிழை. அது பக்தியில வந்த பிழை. கண்ணாடிக் குவியல்லருந்து பொறுக்குனதா மொதலாளி சொன்னாரு. மர்ஸூக் வேற மாதிரிச் சொன்னான். அவன்தான் கார்கிட்ட மொதல்ல வந்தவன். அவன் பாத்தப்ப, அந்தப் படத்த நெஞ்சுல அணைச்சிக்கிட்டு ஒருத்தர் கோயில் படியில எறங்கி வந்துகிட்டு இருந்தாங்க. கார்கிட்ட இன்னும் வரவே இல்ல. அதுக்கு அரை மணி முன்னாலதான் மர்ஸூக்க ஓடையோரம் போய்ச் சாப்பிடச் சொல்லி அனுப்பிவிட்டதும் அவுங்கதான்."

அவர் வடிவம்மாவைப் பார்த்தார்.

"கயித்த இழுத்துட்டுப் பின்பாதையில கோயிலுக்கு ஏறிப் போனது நீங்கதான் அம்மா."

கதிர்காமநாதன் முதலில் சிரித்தார். உண்மையாகவே சிரித்தார்.

"என்ன நானா, எங்க கார அவ எதுக்கு ஒடைக்கணும்?"

"எனக்கும் அதுதான் புரியல. பூசாரி பேசுனப்புறந்தான் புரிஞ்சுது. அன்னிக்கு ரெண்டு மணிக்கு யார் பேருக்கு அர்ச்சனை பண்ணுனீங்க?"

கதிர்காமநாதன் வாயைத் திறந்தார். அதற்குள் வடிவம்மா சொன்னாள். சத்தம் போடாமல், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எட்டு வருஷமா ஒவ்வொரு ஆடி வெள்ளிக்கும் அந்தக் கோயிலுக்குப் போறோம். புள்ள வேணும்னு என் பேருக்கு அர்ச்சனை பண்ணுவாரு. எட்டு வருஷமா என்னத்தான் தங்கம்னு கூப்பிடுவாரு. கார் வந்த மறுநாள்லருந்து அந்தப் பேரு அதுக்குப் போயிடுச்சு. சரின்னு இருந்தேன். அன்னிக்குப் பூசாரி பேரு கேட்டப்ப இவரு தங்கம்னாரு. எனக்குத்தான்னு நெனச்சுக் கையக் கூப்பினேன். நட்சத்திரம் கேட்டாரு. ரேவதின்னாரு. நான் ரோகிணி."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தாள்.

"இன்னொருத்தியக் கூட்டிட்டு வந்திருந்தாச் சண்டை போட்டிருப்பேன். மயிரப் பிடிச்சிருப்பேன். இதுகிட்ட என்னன்னு சண்டை போடுறது? காலையில எந்திரிச்சதும் அதப் போய்த் தொடைக்கிறாரு. மழ பெஞ்சா அதுக்குப் போர்த்துறாரு. எனக்குக் காய்ச்சல் வந்தப்ப வாசல்ல நின்னு எப்படி இருக்குன்னு கேட்டுட்டுப் போனாரு. ஊர்ல எல்லாரும் அக்காவுக்குத்தான் பொறாமைன்னாங்க. அக்கா கடை வாசல்ல நின்னு பாத்தா. நான் வீட்டுக்குள்ள இருந்து பாத்தேன்."

ஷுக்ரி பேனாவின் மூடியைக் கழற்றி, மறுபடி மூடினார்.

"சாமிய எடுத்து வச்சீங்க. மர்ஸூக்க ஓடையோரம் அனுப்புனீங்க. அதெல்லாம் சரி. மாரிசாமிய மறந்துட்டீங்களே."

அவள் அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள். வாசற்படிக்குக் கீழே நின்றவனைப் பார்த்தாள்.

"நெனப்பே வரல" என்றாள். "லொறி தானா உருண்டுச்சுன்னு பேசுவாங்க, அத்தோட போயிடும்னு இருந்தேன். சார்ஜன் அவன் லைசென்ஸ வாங்கினப்ப கூட்டத்துக்குள்ளதான் நின்னேன். வாயத் தொறக்கப் பயமா இருந்துச்சு. அன்னிலருந்து தூக்கம் இல்ல."

மாரிசாமி யாரையும் பார்க்கவில்லை. படியில் ஒரு காலை வைத்து, மறுபடி எடுத்தான்.

"லைசென்ஸ் திரும்பக் கெடைக்குமாங்க?" என்று ஷுக்ரியிடம் கேட்டான். அவனுக்கு அது ஒன்றுதான் கேட்கவேண்டியிருந்தது.

கதிர்காமநாதன் எழுந்து மேசைக்கு வந்தார். இரண்டு பக்கப் பட்டியலைப் புரட்டிப் பார்த்தார். முதல் பக்கத்தில் ஷுக்ரி அடித்துவிட்ட இடத்தில் அவர் விரல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு பாரத்தை நான்காகக் கிழித்தார். வெள்ளைத்தாள் ஒன்று கேட்டு வாங்கினார். கட்டையை எடுத்தது தம் வீட்டு ஆள் என்றும், லொறி டிரைவர் மேல் எந்தப் பிழையும் இல்லை என்றும், தமக்கு எந்த நஷ்டஈடும் வேண்டாம் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுதும்போது இரண்டு இடத்தில் தடுமாறி அடித்து எழுதினார். அது காருக்காகவா மனைவிக்காகவா என்று ஷுக்ரியால் நிதானிக்க முடியவில்லை. இரண்டுக்குமாக இருக்கலாம்.

விசாலாட்சி எழுந்து தங்கை பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஜெயராசா என்ன செய்வது என்று தெரியாமல் சகலையின் காலியான நாற்காலியைச் சரிசெய்து வைத்தார்.

ஆகஸ்ட் 4, புதன்கிழமை. காலை 9.30.

சார்ஜன் ஹுமைத் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். வீட்டு ஆள் என்றால் யார் என்று கேட்டார். வீட்டு ஆள் என்றால் வீட்டு ஆள்தான் என்றார் ஷுக்ரி. வழக்கு எடுபடவில்லை. இனி பிரேக்கும் போடவேண்டும் என்று நன்றாகத் திட்டிவிட்டு, லைசென்ஸ் புத்தகத்தை மேசைமேல் வைத்தார். மாரிசாமி அதை விரித்துத் தன் பேர் இருக்கிறதா என்று பார்த்தான். அவனுக்கு எழுத்துத் தெரியாது. இருந்தும் பார்த்தான்.

ஷுக்ரி அன்று ஸ்டேஷனுக்கு நடந்துதான் போனார். பண்டாரவளையில் இறங்கி வீட்டுக்குப் போய், வாசலில் சாய்த்து வைத்திருந்த சைக்கிளைத் துடைக்கத் துணியை எடுத்தார். அடுப்படியிலிருந்து மனைவி ஸித்தி ஸுபைதா பார்த்தாள். அவர் துணியைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஆகஸ்ட் 6, ஆடி வெள்ளி. பிற்பகல் 2.00.

கார் இல்லாததால் இரண்டு குடும்பமும் ஜெயராசாவின் லொறியில்தான் கோயிலுக்குப் போயின. மாரிசாமி ஓட்டினான். பிரேக்கும் போட்டான், கட்டையும் வைத்தான்.

பூசாரி தட்டை வாங்கிக்கொண்டு, யார் பேருக்கு என்று கதிர்காமநாதனைப் பார்த்தார். போன வெள்ளிக்கிழமை நினைவு வந்து அவர் உதட்டில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. கதிர்காமநாதன் மனைவியின் பேரைச் சொல்ல வாயெடுத்தார். வடிவம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எனக்கு அப்புறம் பண்ணலாம்" என்றாள். "மொதல்ல மாரிசாமிக்கு."

"நட்சத்திரம்?"

அவளுக்குத் தெரியவில்லை. கணவனைப் பார்த்தாள். அவருக்கும் தெரியாது. மாட்டு வண்டிக் காலத்திலிருந்தே மூன்று வருஷமாக அவனிடம் மூட்டை ஏற்றி இறக்கிய ஜெயராசாவுக்கும் தெரியாது.

"கொஞ்சம் இருங்க, கேட்டுட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு, வடிவம்மா தானே படியில் இறங்கி லொறி நின்ற இடத்துக்குப் போனாள்.